நடுக்கம் நின்ற பிறகு

கோல்டு ஸ்டோரேஜில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த மனிதரிடம் குளிரைப் பற்றிப் பேசப் போனால் என்ன கிடைக்கும்? சிரிப்புதான் கிடைக்கும். சுகாதார நிலையத்திலிருந்து வாரம் இரண்டு முறை வரும் நர்ஸம்மாவுக்கும் அதுதான் கிடைத்தது.

அன்று அவர் சுவரில் மாட்டும் ஒரு தெர்மாமீட்டரைக் கொண்டுவந்திருந்தார். கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் காலண்டர் தொங்கிய ஆணியில் அதை மாட்டினார். காலண்டர் மேசைக்குப் போனது.

"ஐயா, இந்த முள்ளு பதினெட்டுக்குக் கீழ இறங்கக் கூடாது. அம்மா படுத்திருக்கிற ரூம்ல இருபது இருந்தா இன்னும் நல்லது."

"பதினெட்டா? நர்ஸம்மா, நான் மைனஸ் பதினெட்டுல முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டினவன். பதினெட்டு டிகிரிங்கிறது எங்களுக்கு டீ குடிக்கிற ரூம்."

"குப்பை கொட்டினது நீங்க. படுத்திருக்கிறது அவங்க."

கட்டிலில் கிடந்த மனைவி "ம்" என்றாள். யாருக்கு ஆதரவாக என்று தெரியவில்லை. நர்ஸம்மா தன் பக்கம் கணக்கு வைத்துக்கொண்டார்.

கிடங்குக்காரரைத் தெருவே பெங்குயின் என்றுதான் அழைக்கும். கிடங்கின் தரையில் எப்போதும் பனி படிந்திருக்கும். எட்டி வைத்து நடப்பவன் மல்லாந்து விழுவான். இவர் பாதத்தை முழுதாக ஊன்றி, முழங்கையைக் கொஞ்சம் அகட்டி, குட்டிக் குட்டி அடியாக எடுத்து வைப்பார். முப்பத்தோரு வருஷத்தில் ஒருமுறைகூட விழுந்ததில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் வைத்த பெயர் அது. ஓய்வு பெற்று இறங்கியபோது கையில் கொடுத்த கேடயத்திலும் அடைப்புக்குள் அதைப் பொறித்திருந்தார்கள்.

மீன் பெட்டி, பட்டாணி மூட்டை, வெண்ணெய்க் கட்டி என்று ஏற்றி இறக்கித் தொடங்கியவர், கடைசிப் பன்னிரண்டு வருஷம் ஷிப்ட் மேஸ்திரியாக இருந்தார். புது ஆட்களுக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: நடுங்குகிறவன் கையில் பெட்டியைக் கொடுக்காதே. புதிதாக உள்ளே வருகிறவன் முதலில் பல் தந்தியடிக்க நடுங்குவான். அவனைத் தள்ளுவண்டி தள்ளச் சொல்வார். அரை மணியில் நடுக்கம் நின்றுவிடும். "பழகிட்டான். இனி குடு," என்பார். அந்தச் சட்டத்தால் அவர் ஷிப்டில் ஒரு விரல்கூட நசுங்கியதில்லை. அது அவருக்குப் பெருமை.

மனைவிக்கு வேலை நேர் எதிர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை நீராவி உருளையில் விட்டு எடுப்பாள். இருபத்தாறு வருஷம் ஆவியிலேயே நின்றவளுக்கு வெளியே வந்தால் ஆகாது. எப்போதும் குளிரும். அவர் வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைத் திறப்பார். அவள் மூடுவாள். அவர் திறப்பார்.

"ஒருத்தர் உறைஞ்சு வராரு, நான் வெந்து வரேன். ரெண்டையும் ஒரே சட்டியில போட்டா வெதுவெதுன்னு ஒரு குடும்பம்," என்று கேட்பவர்களிடம் சொல்வாள். பிறகு எழுந்து போய் ஜன்னலை மூடுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்கு மூளையில் ரத்தம் கட்டியது. வலது பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. மிச்சம் இருந்தவை மூன்று: 'ம்', 'வேணாம்', அப்புறம் 'பெங்கு'. மற்ற எல்லாவற்றையும் அந்த மூன்றுக்குள் அடக்கப் பழகிக்கொண்டாள். குளிருகிறது என்று மட்டும் அவள் அதன் பிறகு சொல்லவே இல்லை. நாற்பது வருஷச் சண்டையில் தான் ஜெயித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

பேச்சு இருந்த காலத்தில் அவளுடைய அக்காவை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். இருவரும் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் விழுந்தா என்னை அந்த மாதிரி இடத்துல கொண்டுபோய்ப் போட்டுடாதீங்க."

"சரி," என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதை நம்பித்தான் அவள் மூன்று வருஷமாக அந்தக் கட்டிலில் கிடந்தாள்.

அந்தச் 'சரி'க்கு இந்தக் குளிர்காலம் உலை வைத்தது. வெளியூரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிவிட்டாள்: "அப்பா, உங்களுக்கே எழுபத்தெட்டு ஆகுது. இந்தக் குளிர் வரைக்கும் பார்ப்போம். நடுவுல ஒரு தடவை ஆஸ்பத்திரின்னு போனாலும் அம்மாவை ஹோம்ல சேர்த்துடுவேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"ஒண்ணும் ஆகாது. நீ உன் வேலையப் பாரு."

அவர் வாயால் மட்டும் சொல்லவில்லை. குளிரை உள்ளே பூட்டி வைத்தவருக்கு வெளியே பூட்டி வைக்கவும் தெரியும், கதவு ஒன்றுதான். கதவின் நாலு ஓரத்திலும் ரப்பர் பட்டை ஒட்டினார். ஜன்னல் இடுக்கில் கம்பளித் துண்டுகளை அடைத்தார். கட்டிலை வெளிச்சுவரிலிருந்து இரண்டடி இழுத்துப் போட்டார். தடியாக ஒரு ஸ்வெட்டருக்குப் பதில் மெல்லியதாக மூன்று உடுப்பு, தலைக்குக் குல்லா, காலுக்குத் தளர்வான சாக்ஸ். இரண்டு மணிக்கு ஒருமுறை சூடாகக் கஞ்சியோ பாலோ, ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைத் தட்டல். மணிக்கூண்டு தோற்கும்.

தெர்மாமீட்டரை மாட்டிய நர்ஸம்மா முள்ளைப் பார்த்தார். பத்தொன்பது. சுற்றிலும் பார்த்தார். அவர் கையில் சுகாதார நிலையம் அச்சடித்த நாலு பக்கத் தாள் இருந்தது. வீடு வீடாக உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டியது. இரண்டு பக்கம் படித்தார். மூன்றாவது பக்கத்தில் 'உடம்பு சில்லிட்டுப் போவதன் அடையாளங்கள்' என்று இருந்தது.

"இதெல்லாம் உங்களுக்கு நான் என்னத்தைச் சொல்லித் தரது? நீங்களே பாடம் எடுப்பீங்க," என்று மடித்து மேசையில் வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார். ஒரு நாளைக்கு அவருக்கு ஒன்பது வீடு.

குளிரலை செவ்வாய்க்கிழமை விடியலில் வந்தது. அன்றைக்கென்று பார்த்துக் கட்டடத்தின் பாய்லர் நின்றுபோனது. அடித்தளத்திலிருந்து வெந்நீர்க் குழாய் வழியாக எல்லா வீட்டுக்கும் சூடு அனுப்புவது அதுதான். காவல்காரர் படியேறி வந்து மூச்சு வாங்கினார்.

"மெக்கானிக் நாளைக்குத்தான் வருவாராம் அண்ணே. ஊரெல்லாம் பாய்லர் போயிருக்காம்."

"நாளைக்குக் காலையிலயா, சாயந்திரமா?"

"நாளைக்குன்னுதான் சொன்னாங்க."

வீட்டில் ஒரு சின்ன மின்சார ஹீட்டர் இருந்தது. கட்டடம் முழுக்க ஒரே நேரத்தில் ஆளுக்கொன்று சொருகியதில் ஃபியூஸ் போனது. போட்டார்கள், மறுபடி போனது. முள் பதினாறுக்கு வந்தது. மதியம் பதினாலு.

கீழ்வீட்டு டெய்லர் குழந்தைகளையும் தையல் மெஷினின் மேல்தலையையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். "சமுதாயக் கூடத்துல ஹீட்டர் போட்டு எல்லாரையும் உட்கார வெச்சிருக்காங்க மாமா. அத்தையையும் கூட்டிட்டு வாங்க."

"ரெண்டு மாடி எப்படி இறக்குறது?"

"ஆம்புலன்ஸுக்குச் சொன்னா ஸ்ட்ரெச்சர்ல இறக்குவாங்க."

ஆம்புலன்ஸ் என்றால் பதிவு. பதிவு என்றால் மகளுக்குப் போன். மகள் என்றால் ஹோம். இந்தக் கணக்கை அவர் டெய்லரிடம் சொல்லவில்லை. "நான் பார்த்துக்கறேன்பா. இதெல்லாம் ஒரு குளிரா?" என்றார்.

புதன் காலையில் முள் பதினொன்றில் நின்றது. அவள் நடுங்கினாள். கட்டில் கால் தரையில் தடதடத்தது. வீட்டில் இருந்த போர்வை எல்லாம் அவள் மேல் ஏறியது. தன் பழைய கிடங்குக் கோட்டையும் மேலே போட்டார். கேஸ் அடுப்பில் பால் சுடவைத்துக் கரண்டியால் ஊட்டினார். பாதி கடைவாயில் வழிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார், புது ஆளைப் பார்ப்பதுபோல.

பத்து மணிக்கு நடுக்கம் நின்றது.

"அப்பாடா," என்றார். "பழகிட்டே. நான்தான் சொன்னேனே."

பத்தரைக்கு சுகாதார நிலையத்திலிருந்து போன். குளிர் நாட்களில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கெல்லாம் அங்கிருந்து ஒரு பெண் போன் செய்து கேள்விகள் கேட்பாள். மூச்சு விடாமல் கேட்டாள்.

"ஐயா, சாப்பிட்டீங்களா? அம்மா சாப்பிட்டாங்களா?"

"ஆச்சும்மா."

"வீட்டுல ஹீட்டர் இருக்கா?"

"இருக்கு." பொய் இல்லை. மேசைக்கடியில் இருந்தது.

"அம்மாவுக்குக் காய்ச்சல், இருமல்?"

"இல்லம்மா."

"நடுக்கம் இருக்கா?"

"காலையில இருந்துச்சு. இப்ப சுத்தமா நின்னுடுச்சு."

"ரொம்ப நல்லதுங்கய்யா. கதவைச் சாத்தியே வெச்சுக்கங்க." அவளும் தாளில் ஒரு டிக் போட்டிருப்பாள்.

போனை வைத்ததும் அவருக்கு ஒரு நினைப்பு தோன்றியது. அலமாரியிலிருந்து காய்ச்சல் பார்க்கும் பாதரசத் தெர்மாமீட்டரை எடுத்து அவள் அக்குளில் வைத்தார். பாதரசம் அடிக்கோட்டை விட்டு ஏறவே இல்லை. அந்தக் கோடு முப்பத்தைந்து. அதற்குக் கீழே என்ன இருந்தாலும் அந்தக் கருவி காட்டாது. 'காய்ச்சல் துளிகூட இல்லை' என்று துடைத்து உள்ளே வைத்தார்.

மதியம் அவள் கண்ணை மூடியே கிடந்தாள். கூப்பிட்டால் 'ம்' வரவில்லை; தொண்டையில் ஏதோ குழறல் வந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தார். மூன்று மணி வாக்கில் அவளுடைய நல்ல கை, இடது கை, போர்வையைப் பிடித்துத் தள்ளியது. அவர் இழுத்துவிட்டார். மறுபடி தள்ளியது. கழுத்துப் பொத்தானைப் பிடித்து இழுத்தது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, பாருடா! கல்யாணமான நாள்லேர்ந்து இன்னைக்குத்தான் போர்வை வேணாம்ங்கிறே." ஒரு போர்வையை எடுத்து மடித்தார். கிடங்குக் கோட்டையும் எடுத்துத் தான் போட்டுக்கொண்டார்.

நர்ஸம்மாவின் அடுத்த முறை வியாழக்கிழமை. இந்தக் கட்டடத்தில் பாய்லர் நின்றது காதில் விழுந்ததால் புதன் நாலு மணிக்கே படியேறி வந்தார். உள்ளே வந்தவர் முள்ளைப் பார்க்கவில்லை. மூச்சை வெளியே விட்டார்; புகை தெரிந்தது. நேராகக் கட்டிலுக்குப் போனார். அவள் முகம் உப்பி, மெழுகு மாதிரி இருந்தது. கை சூடாகத்தான் இருக்கிறதா என்று தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு, உடுப்புக்கு அடியில் விட்டு அவள் வயிற்றில் வைத்தார். வயிறு கல் மாதிரி சில்லிட்டிருந்தது. கை கால் சில்லிடலாம். வயிறு சில்லிட்டால் அப்புறம் பேச நேரமில்லை.

"நடுக்கம் எப்ப நின்னுச்சு?"

"பத்து மணி இருக்கும். நல்லா பழகிட்டா நர்ஸம்மா. போர்வைகூட வேணாம்னு தள்ளுறா."

நர்ஸம்மா போனை எடுத்தார். ஆம்புலன்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் பெங்குயின் எழுந்துவிட்டார்.

"எதுக்கு? தூங்கிட்டுத்தானே இருக்கா?"

"தூக்கம் இல்லை ஐயா இது."

அவர் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதங்களை இரண்டு கையாலும் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தார். கிடங்கில் அப்படித்தான் செய்வார்கள்.

"தேய்க்காதீங்க! கையை எடுங்க. கால்ல இருக்கிற சில்லிட்ட ரத்தம் நெஞ்சுக்கு ஏறினா இதயம் தாங்காது. அந்தக் கோட்டைக் கழட்டி அவங்க மேல போடுங்க. தலையை மூடுங்க. அசைக்காம மூடுங்க."

கோட்டைக் கழற்றும்போதுதான் அவர் கை நடுங்கியது. அவருக்கு நடுங்கத் தெம்பு இருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து வைத்த கருவி முப்பத்தொன்று என்று காட்டியது. ஸ்ட்ரெச்சர் படியில் திரும்பிய இடத்தில் நர்ஸம்மா அவரிடம் நாலே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். சின்ன வயசுக்காரன் வேலை செய்து சூடாகி நடுக்கம் நிற்பது வேறு. படுத்திருக்கிற வயசானவங்களுக்கு நடுக்கம் நிற்பது, நடுங்கவும் சத்து இல்லாமல். போர்வையைத் தள்ளுவதும் சூட்டினால் இல்லை. மூளை குழம்பி, உடம்பு எரிகிறதென்று நினைத்துத் தள்ளுவது.

அவர் கேட்டுக்கொண்டார். "எங்க கிடங்குல..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

அவள் சாகவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தெருவில் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றினார்கள். நாலாம் நாள் நிமோனியா வந்தது. அதிலும் பிழைத்தாள். பத்தொன்பது நாள் கழித்து வார்டில் இருந்து அனுப்பும்போது அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. மூன்று சொல்லில் இரண்டு போய்விட்டது. மிஞ்சியது 'வேணாம்' மட்டும். விழுங்குவதற்குப் பதில் குழாய். இனி வீட்டில் வைத்துப் பார்ப்பது நடக்காது என்று டாக்டர் சொன்னார். மகள் லீவு போட்டு வந்து ஹோமில் சேர்க்கும் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அப்பா, நீங்க எந்தத் தப்பும் பண்ணல."

"தப்பு பண்ணலேன்னா அவளை ஏன் அங்க அனுப்புறே?"

மகள் அழுதாள். அவர் அழவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டச் சொன்னார். போட்டார்.

அடுத்த வியாழன் நர்ஸம்மா வந்தார். இப்போது பட்டியலில் இருந்தது பெங்குயினின் பெயர். பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது, முள் இருபதில் நின்றது. மேசைமேல் அந்தத் தாள் மடித்தபடியே கிடந்தது. நர்ஸம்மா அதை எடுத்து மூன்றாவது பக்கத்தைப் பிரித்தார்.

"இதை நான் உங்களுக்குப் படிச்சுக் காட்டியிருக்கணும். காட்டல. அது என் தப்பு."

"படிச்சிருந்தா சிரிச்சிருப்பேன் நர்ஸம்மா."

அது உண்மை என்று இருவருக்கும் தெரியும். அதனால் யாருக்கும் ஒரு ஆறுதலும் ஆகவில்லை.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த இல்லத்தில் தனக்கும் ஒரு கட்டில். எந்த மூலையில் என்றாலும் சரி. நர்ஸம்மா அலைந்து, யாருக்கு இடம் என்று மதிப்பிடும் அதிகாரியை வீட்டுக்கே வரவழைத்தார். அதிகாரி நல்ல மனிதர்தான். எழுந்து நடக்கச் சொன்னார். நடந்தார். இன்றைக்கு என்ன கிழமை என்றார். சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். விடாமல் இரண்டு வரைக்கும் கழித்தார். சமைப்பீர்களா, குளிப்பீர்களா, பொத்தான் போடுவீர்களா? எல்லாம் செய்வேன்.

அதிகாரி பேனாவை மூடினார். "ஐயா, நீங்க ரொம்ப நல்லா இருக்கீங்க. அங்க காத்திருக்கிறவங்க எழுபது பேர்; எழுந்து நிற்க முடியாதவங்க. உங்களுக்கு இடம் கிடைக்காது."

"நல்லா இருக்கிறதுதான் குத்தமா?"

"குத்தம் இல்லைங்கய்யா. மார்க் அதிகம்."

நர்ஸம்மா வாசலில் அவரிடம் கோபப்பட்டார். "ஒரு கேள்விக்காவது தப்பாச் சொல்லக் கூடாதா?"

"தெரிஞ்சதை எப்படித் தெரியாதுன்னு சொல்றது?"

அதனால் அவர் தினமும் இரண்டு பஸ் மாறிப் போனார். முதல் பஸ் நாற்பது நிமிஷத்துக்கு ஒன்று. நிறுத்தத்தில் மூன்று பக்கமும் கண்ணாடி உடைந்து காற்று ஊடே போகும். இல்லத்தில் அறை கதகதப்பாகவே இருந்தது. அதில் குறை சொல்ல முடியாது. விரிப்பு சுத்தம், புரட்டிப் படுக்க வைக்கிறார்கள், முதுகில் புண் இல்லை. அவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். அவள் சுவர்ப்பக்கம் பார்த்திருப்பாள். கையைத் தொட்டால் 'வேணாம்' என்பாள். அடையாளம் தெரியாமல் சொல்கிறாளா, தெரிந்தே சொல்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. ஆயாவிடம் கேட்டார். "எல்லார்கிட்டயும் அப்படித்தான் தாத்தா சொல்றாங்க," என்றாள் அந்தப் பெண். அவருக்கு அது போதவில்லை.

இரண்டாவது குளிரலை வந்த வாரம் நர்ஸம்மா அவரை நிறுத்தி வைத்துப் பேசினார். அவருக்கு இருமல் தொடங்கியிருந்தது. கால் விரல் இரண்டு வெளுத்திருந்தன.

"வாரத்துக்கு ஒரு நாள் போங்க. வெயில் ஏறின பிறகு போங்க. குளிர் முடியட்டும், அப்புறம் தினம் போகலாம்."

"குளிர் முடியற வரைக்கும் அவ இருப்பாளா?"

நர்ஸம்மா வேலைக்கு வந்த நாளிலிருந்து பொய் சொன்னதில்லை. அவருடைய மஃப்ளரை இறுக்கிச் சுற்றிவிட்டார். சாக்ஸ் ஈரமா என்று தொட்டுப் பார்த்தார். நோட்டில் எழுதிக்கொண்டார்: 'குளிரில் தினமும் வெளியே செல்கிறார். சொன்னால் கேட்பதில்லை.' பிறகு அவரோடு நிறுத்தம்வரை நடந்து, காற்று வரும் பக்கத்தில் மறைத்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடம் நின்றார். அதற்கு மேல் முடியாது; அடுத்த தெருவில் ஒரு கிழவர் தனியாக இருந்தார், அதற்கடுத்த தெருவில் இருவர்.

தெருமுனையில் நர்ஸம்மா திரும்பிப் பார்த்தபோது பஸ் வந்திருக்கவில்லை.